உப்பு முடியும் இடம் வரை: காம்பியா ஆற்றுப் படகுப் பயணம், ஒரு மதிப்பீடு

காம்பியாவின் தலைநகரான பஞ்சுலை அடுத்துள்ள டென்டன் பாலத்தின் அடியிலிருந்து புறப்பட்டு, காம்பியா ஆற்றின் வழியாக உள்நாட்டில் இருக்கும் ஜான்ஜான்புரே வரை பயணிகளை அழைத்துச் செல்லும் படகுச் சேவைகளுள் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. சேவையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொல்ல வேண்டிய குறைகள் சில உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை இத்தொழிலில் உள்ள மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று அங்கே பலரிடம் பேசியதில் தெரிந்துகொண்டேன். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இது நல்ல சேவை. ஒரு நாட்டின் நிலமும் வானிலையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி காம்பியாவில் கிடையாது. ஆனால் தாங்கள் விற்பது அதைத்தான் என்பது விற்பவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் என்னுடைய முதன்மையான குறை.

காம்பியாவின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் மறக்காது. ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு அது. பரப்பளவு ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பதினொன்றில் ஒரு பங்கு. மேற்கே அட்லாண்டிக் கடலை ஒட்டி 80 கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரை உள்ளது; மற்ற மூன்று பக்கங்களிலும் செனகல் சூழ்ந்திருக்கிறது. கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் இந்நாட்டின் அகலம், உள்நாட்டில் பல இடங்களில் 30 கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 1889ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையில், ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் சுமார் 10 கிலோமீட்டர் என்று வளைவுக்கு வளைவு தொடர்ந்து எல்லை வகுத்ததால் வந்த வடிவம் இது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று ஆற்றில் ஏறிச் சென்று, அதன் பீரங்கிக் குண்டு விழுந்த இடங்களை எல்லையாக்கினார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதைதான். கேட்கச் சுவையாக இருந்தாலும், அந்த எல்லை பாரிசில் ஒரு மேசையின் மீது போடப்பட்டது.

மலை என்று சொல்லத்தக்கது எதுவும் அங்கில்லை. நாட்டின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் அளவுக்குத்தான். ஆகவே உயரத்தால் வரும் வேறுபாடு என்பதே கிடையாது. இடத்துக்கு இடம் மண்ணும் மரமும் வெயிலும் மாறுவதெல்லாம் கடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோம், அது எந்த மாதம் என்கிற இரண்டே காரணங்களால்தான். கினியாவின் ஃபூட்டா ஜல்லோன் மேட்டுநிலத்தில் பிறந்து 1,120 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு, நாட்டை நடுவே வகுந்துகொண்டு கடலுக்கு வருகிறது. அந்த ஆற்றில் கடலிலிருந்து எதிர்த்திசையில் ஏறினால், இந்த இரண்டு காரணங்களுள் முதலாவதை அடுக்கடுக்காகப் பார்த்துவிடலாம். இப்படகுச் சேவைக்கு நான் கொடுத்த பணத்தின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது காரணத்தை, அதாவது மாதத்தை, தமிழ் வாசகர்களுக்குச் சென்னையைக் கொண்டு எளிதாக விளக்கலாம். பஞ்சுல் வட அட்சரேகை 13.5 பாகையில் இருக்கிறது, சென்னை 13.1 பாகை. ஏறத்தாழ ஒரே கோடு. சூரியன் இரண்டு ஊர்களுக்கும் ஒரே மாதிரிதான் காய்கிறது. ஆனால் சென்னைக்கு மழை கொட்டும் நவம்பரில் பஞ்சுலில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அக்டோபர் நடுவில் நிற்கும் மழை மறு ஆண்டு ஜூன் வரை பெரும்பாலும் எட்டிப்பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் இரண்டு ஊர்களிலும் வீசுவது வடகிழக்குக் காற்றே. சென்னைக்கு வரும் வடகிழக்குக் காற்று வங்கக் கடலைத் தாண்டி ஈரத்தைச் சுமந்து வருகிறது. பஞ்சுலுக்கு வரும் வடகிழக்குக் காற்று சகாராப் பாலைவனத்தைத் தாண்டிப் புழுதியைச் சுமந்து வருகிறது. ஹர்மட்டான் என்று மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் அழைக்கப்படுவது அதுதான். கோடையில் சகாரா சூடேறும்போது, இரு அரைக்கோளங்களின் காற்றும் கூடுகிற மழைப்பட்டை வடக்கே நகர்ந்து காம்பியாவுக்கு மேல் வருகிறது. அதன் பின்னால் தென்மேற்கிலிருந்து கடற்காற்று நுழைகிறது. ஜூனில் தொடங்கி ஆகஸ்டில் உச்சம் தொட்டு அக்டோபரில் முடிகிற அந்த ஒரே பருவத்தில்தான் ஆண்டின் மழை முழுவதும் பெய்கிறது. கடற்கரைப் பகுதியில் அது 1,000 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்.

நான் பயணம் செய்தது ஜனவரி மாதத்தில், அதாவது ஹர்மட்டான் வீசும் காலத்தில். அதற்கு முந்தைய ஆண்டு முந்திரிக் கொள்முதல் தொடர்பாக மே மாதத்தில் அந்நாட்டுக்குச் சென்று, கிழக்கே பாசே ஊரின் வெயிலை அனுபவித்திருந்ததால், இரு காலங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. (அங்கே விற்பனையாகும் கொட்டை முந்திரியில் கணிசமான பங்கு இந்தியாவுக்குத்தான் வருகிறது; உடைப்பதும் தோல் நீக்குவதும் நம் பக்கத்து ஆலைகளில் நடக்கின்றன.)

இனிப் படகைப் பற்றி. மரத்தாலான இரண்டு தட்டுப் படகு. மேல் தட்டில் துணிக்கூரை, கீழே நான்கைந்து சிறு அறைகள், பின்புறம் சமையற்கட்டு. அறைகள் குறுகலானவை என்றாலும் தூய்மையாக இருந்தன. கொசுவலையில் ஓட்டை இல்லை. மின்னாக்கி இரவு பத்து மணிக்கு நிறுத்தப்படும் என்று சொல்லியிருந்தார்கள். நிறுத்தினார்கள்தான், ஆனால் அதிகாலை நான்கு மணிக்கே ஐஸ் பெட்டிக்காக மீண்டும் போட்டார்கள். அந்த ஓசையில் தூங்குவது கடினம், எனவே பின்புற அறைகளைத் தவிர்ப்பது நல்லது.

டென்டன் பாலத்திலிருந்து புறப்பட்டவுடன் தன்பி சதுப்புநிலத்தின் கால்வாய்களுக்குள் படகு நுழைகிறது. இவ்வகைக் கிளைக் கால்வாய்களை அங்கே போலோங் என்கிறார்கள். பிச்சாவரத்தில் படகேறியவர்களுக்கு இந்த முதல் ஒரு மணி நேரம் மிகவும் பழக்கமானதாகத் தோன்றும்; அதே சுரபுன்னை, தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் அதே வளைந்த வேர்கள். ஆனால் இங்கே அந்த வேர்களில் ஆளிச் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றை எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சிப்பி எடுக்கும் காலம் அப்போது தொடங்கவில்லை. ஆயினும் கரையோரத்தில் ஓர் அம்மையார் தம் குழுவினருடன் வேர்களைச் சோதித்துக்கொண்டிருந்தார். படகை நிறுத்திக் கேட்டபோது, ஒரு கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, மறு கையில் குட்டையான கத்தியால் வேரோடு ஒட்டியிருந்த ஓட்டின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். வேரை வெட்டக் கூடாது, சிப்பியை மட்டும் பெயர்க்க வேண்டும் என்பது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஆண்டில் பல மாதங்கள் எடுக்கவே கூடாது என்பது மற்றொன்று. இக்கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்த ட்ரை ஆளிப் பெண்கள் சங்கத்துக்கு 2012இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது. இதையெல்லாம் வழிகாட்டி சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்போது மறுகரையில் ஒரு மீன்கொத்தியைக் காட்டிக்கொண்டிருந்தார். படகோட்டி ஒன்று செய்தார், அதைப் பாராட்டியே ஆக வேண்டும்: பெண்கள் தண்ணீருக்குள் நின்ற இடங்களிலெல்லாம் அலை எழாதபடி இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார்.

கால்வாய்களை விட்டுப் பெரிய ஆற்றுக்குள் வந்ததும் காட்சி முற்றிலும் மாறுகிறது. அதை ஆறு என்று சொல்வதற்கே மனம் வராது; கடலின் ஒரு கை நிலத்துக்குள் நீண்டு கிடப்பதாகவே தோன்றும். பஞ்சுலுக்கும் எதிர்க்கரை பாராவுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் மேலே இருக்கும் குந்தா கிந்தே தீவு இப்பயணத்தின் முதல் நிறுத்தம். 1651இல் பால்டிக் கடற்கரையின் கூர்லாந்துக்காரர்கள் கட்டி, பத்தே ஆண்டில் ஆங்கிலேயர் கைக்குப் போன கோட்டையின் இடிபாடுகள் அங்குள்ளன. அடிமை வணிகத்தின் வரலாற்றுச் சின்னமாக 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வரலாற்றை வழிகாட்டி நன்றாகவே சொன்னார். நிலத்தைப் பற்றித்தான் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டைச் சுவரின் ஒரு மூலை தண்ணீருக்குள் சரிந்து கிடக்கிறது. தீவைச் சுற்றிப் போட்டிருக்கும் கற்களுக்கு வெளியேயும் பழைய கட்டுமானத்தின் துண்டுகள் தென்படுகின்றன. கோட்டை கட்டப்பட்ட காலத்தில் இருந்த தீவில் இன்று எஞ்சியிருப்பது சிறு பங்குதான். அங்கே இறங்கியவர்கள் யாரும் அதை ஒரு கேள்வியாகக்கூட எழுப்பவில்லை. பாவோபாப் மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

அடுத்த நாள் தென்கரையில் உள்ள டெண்டாபா என்ற ஊருக்கு எதிரே, வடகரையில் இருக்கும் பாவ் போலோங் சதுப்புக்குள் சிறு படகில் செல்வது நிகழ்ச்சிநிரலில் இருந்தது. இச்சேவையின் மிகப் பெரிய கோளாறு இங்கேதான் வெளிப்பட்டது. காலை ஏழு மணி என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், ஏழு மணிக்கே கிளம்பினோம். ஆனால் அன்று கடலின் வற்றம் ஏழு மணிக்கு மேலும் இறங்கிக்கொண்டிருந்தது. கால்வாய் குறுகக் குறுகத் தண்ணீர் வடிந்து, ஒரு வளைவில் படகின் அடி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தள்ளியும் நகரவில்லை. ஏற்றம் திரும்பி வந்து படகைத் தூக்கும் வரை வெயிலில் காத்திருந்தோம். ஏற்றவற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும் என்பது மீனவர் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. அலுவலகத்தில் உட்கார்ந்து நிகழ்ச்சிநிரல் அச்சடித்தவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. படகோட்டிக்குத் தெரிந்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது, ஆனால் அச்சடித்த தாளை மீற அவருக்கு அதிகாரம் இல்லை.

சேற்றில் உட்கார்ந்திருந்த அந்த நேரமும் முழுக்க வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு அலையாத்திக் காட்டின் அடுக்குகள் தெளிவாகத் தெரிந்தன. கால்வாயை ஒட்டி உயரமான சுரபுன்னை. அதன் பின்னால் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேல் குச்சிகளைப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டையான கண்டல் மரங்கள். அதற்கும் பின்னால், மரமே இல்லாத, வெளுத்துப்போன வெற்றுத் தரை. அந்தத் தரையில் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தது. பெரிய ஏற்றத்தின்போது மட்டும் அங்கே கடல்நீர் ஏறும். பிறகு ஏழு மாத வெயிலில் நீர் ஆவியாகி உப்பு தங்கிவிடும். மழைக்காலத்தில் ஓரளவு கழுவப்படும். மழை பொய்த்த ஆண்டுகளில் கழுவப்படுவதில்லை. 1970களிலும் 80களிலும் சகாராவின் தெற்கு விளிம்பான சகேல் பகுதியை வாட்டிய நீண்ட வறட்சியில் இத்தகைய வெற்றுத் தரைகள் பெருகி, நெல் வயல்களையும் அலையாத்தி மரங்களையும் விழுங்கின.

ஃபராஃபென்னி அருகே 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட பாலத்தின் அடியில் படகு கடக்கிறது. செனகலின் வடக்கிலிருந்து அதன் தெற்குக்குப் போகும் லாரிகள் முன்பு இங்கே படகுத்துறையில் நாள்கணக்கில் காத்துக் கிடந்ததுண்டு. ஒரு நாட்டின் நிலவடிவம் அண்டை நாட்டை எப்படி இரண்டாக அறுத்து வைத்திருந்தது என்பதற்கு அந்தப் பாலத்தைவிட வேறு சான்று வேண்டாம்.

இதற்கு மேல்தான் இச்சேவை தன் விலைக்குத் தகுதியாகிறது. பலர் டெண்டாபாவோடு திரும்பிவிடுகிறார்கள். சில நிறுவனங்கள் எரிபொருள் மிச்சம் பிடிக்க, மேற்பகுதியை வண்டியில் அழைத்துச் சென்று முடித்துவிடுகின்றன. அப்படிச் செய்தால் பார்க்க வேண்டியது விடுபட்டுப் போகும். காம்பியா ஆற்றின் தரைச்சரிவு மிகமிகக் குறைவு; கடலின் ஏற்றவற்றம் நாட்டின் கிழக்குக் கோடி வரையிலும் உணரப்படுகிறது. மேலிருந்து வரும் நன்னீர் பெருகும்போது உப்பைக் கீழே தள்ளுகிறது, சுருங்கும்போது உப்பு மேலே ஏறுகிறது. மழைக்கால முடிவில் உப்பின் எல்லை கழிமுகத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நின்றுவிடும். வறட்சிக்காலத்தின் இறுதியில் 250 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிடும். அதாவது நாட்டின் நடுப்பகுதியில் வசிக்கும் ஒருவருக்கு, வீட்டு வாசலில் ஓடும் ஆறு ஆண்டில் சில மாதம் குடிக்கத் தக்கதாகவும் சில மாதம் உப்பாகவும் இருக்கிறது.

இந்த எல்லையைப் படகோட்டி கண்டறிந்த விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எலிஃபன்ட் தீவைத் தாண்டிய பிறகு அவ்வப்போது ஒரு தகரக் குவளையைக் கயிற்றில் கட்டி இறக்கி, நீரை மொண்டு, ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பினார். முதலில் தலையை ஆட்டி மறுத்தார். நெடுநேரம் கழித்து ஒருமுறை துப்பாமல் விழுங்கிவிட்டுக் குவளையை எங்களிடம் நீட்டினார். உப்பு இல்லை, சேற்று மணம் மட்டும் இருந்தது. (வயிற்றைப் பற்றிக் கவலையுள்ளவர்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம், நாக்கில் வைத்துப் பார்த்தாலே போதும்.) கரைகளைப் பார்த்தால் அதற்குச் சற்று முன்பிருந்தே அலையாத்தி மரங்கள் குட்டையாகி, இடைவெளி விட்டு, இல்லாமலே போயிருந்தன. அந்த இடத்தில் கோரையும் ஈச்சம்புதரும், அவற்றின் பின்னால் நெல் வயல்களும் வந்துவிட்டன. சதுப்பு நெல்லை நடுவதும் களையெடுப்பதும் அறுப்பதும் அங்கே பெரும்பாலும் பெண்களின் வேலை. மேட்டு நிலத்து நிலக்கடலையும் கம்பும் ஆண்களின் பொறுப்பு. ஆக, உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பது பெண்களின் வயலைத்தான் முதலில் தொடுகிறது. பாலிங்கோவில் தடுப்பணை கட்டி உப்பை நிறுத்தும் திட்டம் ஒன்று முன்பு இருந்தது. கீழ்ப்பகுதி அலையாத்திக் காடுகளுக்கும் மீன்வளத்துக்கும் அது செய்யக்கூடிய கேடு பெரிது என்ற அச்சமும் எழுந்தது. கடைசியில் அது கட்டப்படவில்லை. என் கருத்தில் அது கட்டப்படாதது நல்லதே, ஆனால் வயலில் உப்பு ஏறிய பெண்ணிடம் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

கடலை விட்டு விலக விலக வெப்பம் மாறுவதும் உடம்பில் தெரிந்தது. பஞ்சுலில் ஜனவரிப் பகல் இதமாக இருந்தது. வடக்கிலிருந்து கடற்கரையை ஒட்டி வரும் கனேரி நீரோட்டம் குளிர்காலத்தில் அங்கே கடலைக் குளிர்விப்பதும், பிற்பகலில் கடற்காற்று எழுவதும் காரணம். உள்நாட்டில் அந்தக் காற்று எட்டுவதில்லை. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தது. இரவில் போர்வை தேவைப்பட்டது. காற்றில் ஈரமே இல்லாததால் பகலுக்கும் இரவுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு. விடியற்காலையில் மேல்தட்டு இருக்கைகளின் மீது செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய புழுதிப் படலம் படிந்திருந்தது. விரலால் கோடு போட முடிந்தது. உதடுகள் வெடித்தன. சூரியன் எழுந்து நெடுநேரமாகியும், வெறும் கண்ணால் பார்க்கத்தக்க வெளிறிய வட்டாகவே இருந்தது. படகில் கொடுத்த தகவல் தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "இனிமையான வறண்ட காலநிலை" என்று மட்டும் இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த இனிமையை நம்பிப் போனால் அவதிப்படுவார்கள். ஆனால் மே மாதத்தை ஒப்பிட்டால் ஜனவரி எவ்வளவோ மேல். மே மாதத்தில் பாசேயில் நிழலிலேயே 40 பாகை செல்சியசைத் தாண்டும். மழைக்கு முந்தைய புழுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

குந்தவுர் என்ற ஊருக்கு அருகே, பபூன் தீவுகளைச் சுற்றியுள்ள ஆற்றுத் தேசியப் பூங்காவில் படகு மெதுவாகச் செல்கிறது. சிறைப்பிடிப்பிலிருந்து மீட்கப்பட்ட சிம்பன்சிகளை 1979இலிருந்து இத்தீவுகளில் வளர்க்கிறார்கள். தீவில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. பூங்காக் காவலர் உடன்வர, தொலைவிலிருந்துதான் பார்க்கலாம். நீர்யானைகளின் மூக்கும் காதும் நீருக்கு மேல் தெரிந்தன. நன்னீரும் கரையோரப் புல்லும் சேர்ந்து கிடைக்கும் இடம் என்பதால்தான் அவை இங்கே இருக்கின்றன. பறவைகளைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வழிகாட்டியின் திறமை அதில் ஐயத்துக்கு இடமற்றது, நம் ஊர்ப் பனங்காடையின் உறவினத்தை அவர் குரலைக் கேட்டே அடையாளம் சொன்னார்.

வாசு கல்வட்டங்களுக்குப் போய் வருவது கட்டணத்தில் சேர்ந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான ஈமச் சின்னங்கள். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றவை. தூண்கள் எல்லாம் செம்புரைக் கல்லில் வெட்டியவை. மழையும் வறட்சியும் மாறிமாறி வரும் வெப்பமண்டலத்தில் மண்ணின் மற்ற தாதுக்கள் கரைந்து போக, இரும்பு தங்கி இறுகியதால் உண்டான கல் அது. பூமிக்குள் இருக்கும்போது வெட்டுவதற்கு எளிதாகவும், காற்றுப்பட்ட பிறகு கெட்டியாகவும் இருக்கும். பருவநிலை எப்படிக் கல்லாகிறது என்று காட்ட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே எங்களுக்கு ஒதுக்கியது அரைமணி நேரம்.

உணவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலக்கடலை விழுதில் கொதிக்கவைத்த டொமோடாக் குழம்பு, ஒரே பானையில் மீனும் காய்கறியும் சோறும் சேர்த்துச் சமைக்கும் பெனாச்சின், கரையோர ஊர்களில் வாங்கிய புகையூட்டிய போங்கா மீன் ஆகியவை மாறிமாறி வந்தன. சைவம் மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லியும் மீன்சாறு கலக்காத சோறு கிடைப்பது கடினம். உடன் வந்த ஒருவர் ரொட்டியும் மாம்பழச் சாறுமாக ஒப்பேற்றினார். பிற்பகல்களில் சிறு கெட்டிலில் கரியடுப்பின் மேல் மீண்டும் மீண்டும் காய்ச்சி ஊற்றும் அட்டாயா தேநீர் படகுப் பணியாளர்களின் வழக்கம். கேட்டால் நமக்கும் ஒரு சிறு கிளாசில் தருகிறார்கள்.

ஆண்டு முழுவதும் இப்பயணம் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அந்நாட்டுக்குப் போவது தவறில்லை. நாடே பச்சையாக இருக்கும், கட்டணமும் குறையும். ஆனால் அக்காலத்தின் புயல்மழை கடலிலிருந்து வருவதில்லை, கிழக்கே நிலப்பகுதியிலிருந்து வருகிறது. முதலில் கருத்த சுவர்போல மேகம், அதன் அடியில் புழுதி, பிறகு சடாரென்று காற்று, அதன் பின்னே மழை. திறந்த ஆற்றின் அகலப் பகுதியில் துணிக்கூரை போட்ட படகு அதைத் தாங்காது. 2022 ஜூலை இறுதியில் கொட்டிய மழையில் கடற்கரை நகர்களின் தாழ்வான குடியிருப்புகள் வெள்ளத்தில் மூழ்கின. மேலும் மழை முடியும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மலேரியா உச்சத்தில் இருக்கும். நான் பரிந்துரைப்பது நவம்பர் இறுதி அல்லது டிசம்பர்: மழை நின்றிருக்கும், புல் முழுவதும் காய்ந்திருக்காது, புழுதி அவ்வளவாகத் தொடங்கியிருக்காது. அப்போது உப்பின் எல்லையும் தாழ்வாக இருப்பதால், எரிபொருள் மிச்சம் பிடிக்கும் படகில் போனாலும் அதைத் தாண்டிவிடலாம்.

நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: கடற்கரை. பயணத்தின் முதல் நாளில் பஞ்சுலையும் கோலோலிக் கடற்கரையையும் ஒரு பிற்பகல் சுற்றிக் காட்டியிருந்தால், பிறகு ஆற்றில் பார்த்ததெல்லாம் பொருள்பட்டிருக்கும். 1816இல் ஆங்கிலேயர் ஒரு மணல் தீவின் மீது கட்டிய பஞ்சுலின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரு மீட்டர் கடல் உயர்ந்தால் தலைநகரின் கதி என்ன என்பது அந்நாட்டு அரசின் தீராத கவலை. கோலோலியில் விடுதிகளுக்கு முன்னால் இருந்த மணலைக் கடல் தின்றுவிட, 2000களின் தொடக்கத்தில் கடலடி மணலை வாரிக் கொட்டி நிரப்பினார்கள். அதையும் கடல் கொண்டுபோகிறது. தங்கும் விடுதியில் பயணிகளை ஏற்றிக்கொள்ளும் வண்டி இந்த வழியாகத்தான் வருகிறது. நிறுத்த மட்டும் நிறுத்துவதில்லை.

முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை சில. கட்டணத்தை அந்நாட்டு நாணயமான டலாசியில் சொல்லாமல் யூரோவில் சொல்வார்கள். எந்த மாற்று விகிதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளவும். சிறு படகில் கால்வாய்க்குள் செல்லும் நேரத்தை ஏற்றவற்ற அட்டவணைப்படி மாற்றுவார்களா என்று கேட்கவும். விழித்தால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். ஜான்ஜான்புரே வரை படகிலேயே செல்வார்களா, இடையில் வண்டிக்கு மாற்றுவார்களா என்பதையும் உறுதிசெய்துகொள்ளவும். டெண்டாபா இருக்கும் கியாங் பகுதியில் செட்சே ஈக்கள் கடிக்கும், நீலமும் கருப்பும் அவற்றை ஈர்க்கும் நிறங்கள். வெளிர் நிற உடை எடுத்துச் செல்லுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுச் சான்று அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். காம்பியா இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக முடியாது. ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.